அந்தரத்தில் ஊழ்

திருவள்ளுவர் அறத்துப்பாலை முடிக்கும் இடத்தில் ஊழைப் பற்றி ஓர் அதிகாரத்தை வைத்து, அதைக் காட்டிலும் வலியது வேறொன்றில்லை என்னும் கருத்தை நிலைநாட்டிவிட்டு, பிறகு பொருட்பாலில் ஆள்வினையுடைமை என்று இன்னோர் அதிகாரத்தை அமைத்து, சோர்வில்லாமல் உழைக்கிறவர்கள் அந்த ஊழையே புறங்காட்டி ஓடச் செய்வார்கள் என்றும் சொல்லியிருப்பது, உரையாசிரியர்களுக்கும் அவர்களுக்குப் பின்வந்த பண்டிதர்களுக்கும் ஓயாத வேலையைக் கொடுத்திருக்கிறது. இரண்டையும் சமாதானப்படுத்த முயன்றவர்கள் பெரும்பாலும் மழை, நோய், செல்வம், சாவு என்பன போன்ற பெரிய விஷயங்களையே உதாரணமாக எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் எதுவரை மனிதன் செய்தது, எதிலிருந்து அவனுக்கு நேர்ந்தது என்று கோடு கிழிப்பது எவராலும் ஆகாத காரியமாகையால், வாதம் எப்போதும் அவரவர் சுபாவத்தில் போய் நின்றது. ஊக்கமுள்ளவன் முயற்சியின் கட்சியிலும், அடிபட்டவன் ஊழின் கட்சியிலும் சேர்ந்துகொண்டான்.

அந்தக் கோட்டைக் கண்ணால் பார்க்கும்படியான சின்ன விஷயம் ஒன்று உண்டு. குழந்தைகள் மண்ணில் ஓட்டுவதற்கென்று செய்த சிறு மோட்டார் சைக்கிளை, மேட்டிலிருந்து தாவுவதற்கும், முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் வீலிங் என்ற வித்தைக்கும் ஏற்றதாக, அதிகச் செலவில்லாமல் எப்படித் திருத்தி அமைப்பது என்பதே அது. தத்துவ விசாரத்துக்கு இது அற்பமான பொருள் என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கக்கூடும். குடத்தையும் கயிற்றையும் கிளிஞ்சலையும் வைத்துக்கொண்டு பிரம்மத்தை விசாரித்த பரம்பரையில் வந்த நமக்கு அந்தச் சங்கோசம் வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஜப்பானிலே, தோக்கியோ நகரத்தை அடுத்த தாமா டெக் என்னும் கேளிக்கைப் பூங்காவில் குழந்தைகள் ஏறி விளையாடுவதற்காக 1961-ஆம் வருஷம் ஹோண்டா கம்பெனியார் ஒரு குட்டி வண்டியைச் செய்தார்கள். பெரியவர்கள் அதில் உட்கார்ந்தால் குரங்கு உட்கார்ந்தாற்போல் இருந்தமையால் அந்த வம்சத்துக்கே மங்கி என்று பெயர் வந்துவிட்டது. அந்த வம்சத்தின் பிற்காலக் கிளையாக, 2000-ஆம் வருஷத்தில் எக்ஸ்.ஆர். 50 என்றும், 2004 முதல் சி.ஆர்.எஃப். 50 என்றும் பெயர் பெற்ற மண்வண்டி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. பத்து அங்குலச் சக்கரங்கள், தரையிலிருந்து ஏறத்தாழ 55 சென்டிமீட்டர் உயரத்தில் ஆசனம், சுமார் 50 கிலோ எடை, கையால் இயக்கும் கிளட்ச் இல்லாத மூன்று கியர், காற்றினால் குளிரும் 49 சி.சி. என்ஜின் ஆகியவற்றோடு ஆறேழு வயதுக் குழந்தைகளை உத்தேசித்தே அது பிறந்தது. ஆனால் கலிபோர்னியாவின் தென்பகுதியில், பெரிய மோட்டோகிராஸ் வண்டிகளில் பழகிய வாலிபர்கள், தங்கள் தம்பிமார்களின் வண்டியிலோ பிள்ளைகளின் வண்டியிலோ ஒருநாள் ஏறிப் பார்த்துவிட்டு இறங்க மனமில்லாமற் போய், வீட்டுப் பின்கட்டிலேயே மண்மேடு குவித்துத் தாவத் தொடங்கினார்கள். பெரிய வண்டி கேட்கும் மைதானமும் பணமும் இதற்குத் தேவையில்லை. குழந்தைக்கென்று செய்த உடம்பில் பெரியவனுடைய ஆசை குடியேறியபோது உண்டான பொருத்தமின்மையே, அதைத் திருத்தும் கலைக்கெல்லாம் ஆதிகாரணம்.

இப்போது தாவலைக் கவனிப்போம். மேட்டின் உச்சியைப் பின்சக்கரம் விட்டு நீங்கிய அந்தக் கணத்தில், வண்டியும் அதன்மேல் நிற்பவனும் சேர்ந்த பாரத்தின் மையம் எந்த வேகத்தோடும் எந்தக் கோணத்தோடும் புறப்பட்டதோ, அந்த இரண்டும், பூமியின் ஆகர்ஷணமும் சேர்ந்து, அது செல்லவேண்டிய வளைவை முழுவதும் வரைந்து முடித்துவிடுகின்றன. காற்றின் தடையால் வரும் அற்பமான வித்தியாசத்தைத் தள்ளிவிட்டால், அதற்குப் பிறகு ஓட்டுகிறவன் கையைக் காலை எப்படி உதறினாலும், எந்தத் தெய்வத்தைக் கூவி அழைத்தாலும், அந்த மையம் அந்த வளைவை விட்டு ஒரு விரற்கடை விலகாது. அவன் எங்கே விழுவான் என்பது அவன் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே நிர்ணயமாகிவிட்டது. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வருவதற்கு அரை விநாடிகூட ஆகாது. ஆயினும் அந்த அற்பக் காலம் முழுவதும், ஊழ் என்ற சொல்லுக்கு வாதியும் பிரதிவாதியும் மறுக்க முடியாத பிரத்தியட்சப் பொருள் ஒன்று இருக்கிறது.

வேதாந்திகள் இதைப் பிராரத்தம் என்பார்கள். சைவ சித்தாந்திகள் உடலூழ் என்பார்கள். சேர்த்து வைத்த வினை சஞ்சிதம். அதிலிருந்து இந்த உடம்புக்கென்று அளந்து கொடுத்துவிட்ட பகுதி பிராரத்தம். அதை அனுபவிக்கும்போது புதிதாகச் செய்துகொள்வது ஆகாமியம். ஞானம் வந்த பிறகும் ஞானியின் உடம்பு உடனே விழுந்துவிடாமல் நிற்பது ஏன் என்று விசாரிக்கும் இடத்தில், சங்கரர் தம்முடைய பிரம்ம சூத்திர பாஷ்யத்தில் குயவனுடைய சக்கரத்தைக் காட்டுகிறார்; அவருக்கு முன்பே சாங்கிய காரிகையும் அதையே காட்டியது. கோலை எடுத்துவிட்ட பிறகும் முன் ஏறிய வேகம் தீருமட்டும் சக்கரம் சுழலத்தான் செய்யும் என்பது அவர்கள் கருத்து. சுழல்வதைத் தவிர அந்தச் சக்கரத்துக்கு வேறு வேலை இல்லை என்றும் அவர்கள் நினைத்தார்கள் போலும்.

ஆனால் அந்தரத்தில் போகும் வண்டியின் சக்கரம் வேறொரு செய்தியையும் சொல்லுகிறது. தரையை விட்டுப் பிரிந்த பின்சக்கரம் அங்கே எதையும் உந்த முடியாது என்பது மெய்யே. ஆயினும் அந்த நிலையில் ஆக்ஸிலேட்டரைத் திருகி அதன் சுழற்சியை மிகுதிப்படுத்தினால், அதற்கு எதிர்விளைவாக வண்டியின் மூக்கு மேலே எழும்புகிறது; பின் பிரேக்கை மிதித்துச் சுழற்சியை நிறுத்தினால் மூக்கு கீழே தாழ்கிறது. பத்து அங்குலச் சக்கரம் இலேசானது. அதனால் இந்த வித்தை பெரிய வண்டியில் பலிக்கும் அளவுக்கு இதில் பலிக்காது. அந்தக் குறையை ஈடுசெய்வதுபோல, வண்டியைக் காட்டிலும் ஓட்டுகிறவனே கனமாக இருப்பதனால், அவன் இடுப்பைப் பின்னே தள்ளுவதும் கையை நீட்டுவதும் வண்டியின் சாய்வை மிக எளிதாக மாற்றிவிடுகின்றன. போகும் வழி மாறுவதில்லை. போகும் நிலை மாறுகிறது. மூக்குக் கவிழ்ந்து முன்சக்கரத்தால் தரையைக் குத்துகிறவனும், இரண்டு சக்கரமும் ஒருங்கே பதிய இறங்குகிறவனும் ஒரே வளைவின் வழியாக, ஒரே இடத்துக்கு, ஒரே வேகத்தில் வந்து சேர்ந்தவர்களாக இருக்கலாம். ஒருவன் ஆஸ்பத்திரிக்குப் போகிறான், மற்றவன் அடுத்த மேட்டுக்குப் போகிறான்.

ஆகவே, தாவலில் மனிதனுக்கு உரிய சுதந்திரம் இரண்டே இடங்களில் இருக்கிறது: மண்ணை விட்டுப் பிரிவதற்கு முன்னால், பிறகு அடியை வாங்கிக்கொள்ளும் விதத்தில். இதைத் தெரிந்துகொண்டவன் தன் கையிலுள்ள சொற்பப் பணத்தை எதில் போடவேண்டும் என்று யாரையும் கேட்கமாட்டான். தெரியாதவனோ நேரே என்ஜினிடம் போய் நிற்கிறான்.

யோகவாசிஷ்டத்தின் முமுட்சுப் பிரகரணத்தில் வசிஷ்டர் இராமனுக்குச் சொல்லும் ஒரு கருத்து இங்கே மிகவும் உதவுகிறது. தெய்வம் அல்லது விதி என்று ஜனங்கள் அஞ்சுவது தனியே ஒரு சக்தி அன்று; முன்பு செய்த முயற்சியின் பலன்தான் இப்போது அந்த வேஷத்தில் வந்து நிற்கிறது; பழைய முயற்சியும் புதிய முயற்சியும் இரண்டு ஆட்டுக்கடாக்களைப் போல மோதிக்கொள்கின்றன; வலியது வெல்கிறது என்பது அவர் உபதேசம். உச்சியை விட்டு நீங்கிய வாலிபனுக்கு அவனுடைய பின் ஸ்பிரிங்கின் வலிமை ஊழ்தான். அப்போது அதை மாற்ற முடியாது. ஆனால் போன சனிக்கிழமை, கொட்டகையில் ஸ்பானரோடு குந்தியிருந்தபோது, அதுவே அவனுடைய முயற்சியாக இருந்தது.

கொட்டகையில் அவன் முதலில் பார்க்கவேண்டிய இடம் பலருடைய கண்ணில் படுவதில்லை. வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, என்ஜினுக்கு அடியில் எட்டிப் பார்த்தால், கால்வைக்கும் ஃபுட்ரெஸ்ட் கம்பி வண்டியின் சட்டத்தோடு சேராமல், நேரே என்ஜின் கூட்டின் அடிவயிற்றில் நான்கு போல்ட்டுகளால் முடுக்கப்பட்டிருப்பது தெரியும். என்ஜினோ மேலே முதுகெலும்பு போல் ஓடும் ஒற்றைச் சட்டத்திலிருந்து தொங்கிக்கொண்டிருக்கிறது. அதன் அடியில் தாங்குவதற்கு ஒன்றுமில்லை. இருபது கிலோ எடையுள்ள குழந்தை உட்கார்ந்து போவதற்கு இந்த ஏற்பாடு தாராளம். எழுபது கிலோ எடையுள்ளவன் எழுந்து நின்றுகொண்டு மேட்டிலிருந்து இறங்கும்போது, அவனுடைய அடி முழுவதும் கம்பி வழியாக அந்த நான்கு போல்ட்டுகளுக்குப் போய், அங்கிருந்து வார்ப்பு அலுமினியக் கூட்டைப் பிளக்கப் பார்க்கிறது. கம்பி வளைந்தால் புண்ணியம். கூடு பிளந்தால் வண்டியின் கதை முடிந்தது. என்ஜினுக்கு அடியில் தொட்டில் போல ஓர் எஃகுச் சட்டத்தைக் கொடுத்து, முன்னும் பின்னும் தாய்ச்சட்டத்தோடு பிணைத்து, கால்கம்பியை அதில் பொருத்திவிட்டால், அடி என்ஜினைத் தொடாமல் சட்டத்துக்குப் போய்விடுகிறது. இதில் ஒரு குதிரைச் சக்தியும் கூடுவதில்லை. பார்ப்பவர்களுக்கு வியப்பும் இல்லை. அதனாலேயே இதைச் செய்கிறவர்கள் குறைவு.

அடுத்தது ஸ்பிரிங். பின்சக்கரம் மேலும் கீழும் அசைவதற்கு இந்த வண்டியில் ஏறத்தாழ ஏழு சென்டிமீட்டர்தான் இடம் இருக்கிறது. கணக்கு எளிது. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து சமதரையில் விழுகிற பொருளை ஏழு சென்டிமீட்டருக்குள் நிறுத்தவேண்டுமானால், அதன் எடையைப் போல் சராசரி பதினைந்து மடங்கு விசை வேண்டும். ஓட்டுகிறவன் முழங்காலையும் முழங்கையையும் மடக்கி இன்னும் முப்பத்தைந்து சென்டிமீட்டர் கொடுத்தானானால், அவன் உடம்புக்கு அது மூன்றரை மடங்குக்குள் இறங்கிவிடும். குழந்தைக்கென்று வைத்த ஸ்பிரிங் பெரியவன் ஏறி நின்றவுடனேயே ஏறத்தாழ பாதி அமுங்கிப்போவதனால், விழும்போது மிச்சமிருப்பது ஏழிலும் மூன்றோ நான்கோதான். அது முடிந்ததும் இரும்பு இரும்பை முட்டுகிறது. ஆகையால் கெட்டியான ஸ்பிரிங் ஒன்றை வாங்கிப் போடுவது, புதிதாக எதையும் சம்பாதிப்பது அன்று; தனக்கு ஏற்கெனவே உரியதாயிருந்து, தன் பாரத்தாலேயே தான் இழந்துவிட்ட இடத்தை மீட்டுக்கொள்வதுதான்.

இந்த இடத்தில் எனக்கு மிகவும் பிடித்தமான ஒரு நுட்பம் இருக்கிறது. ஸ்பிரிங் அடியை ஏற்றுக்கொள்ளுமே தவிர ஜீரணிக்காது. எவ்வளவு வேகத்தோடு அமுக்கினீர்களோ அவ்வளவையும் பத்திரமாகச் சேமித்து வைத்து, அடுத்த கணத்தில் வட்டி தள்ளாமல் திருப்பித் தந்துவிடும். இந்தச் சின்ன வண்டியின் முன் ஃபோர்க்கில் கம்பெனிக்காரர்கள் எண்ணெயால் தணிக்கும் ஏற்பாடு எதையும் வைக்கவில்லை. கிரீஸ் தடவிய வெறும் ஸ்பிரிங்தான். அதைக் கெட்டிப்படுத்துவதோடு நின்றுவிட்டால், இறங்கிய வேகத்திலேயே ஹாண்டில்பார் மேலே எகிறி, ஓட்டுகிறவனை இரண்டாம் முறை, அவன் எதிர்பாராத திசையில், தூக்கி எறிகிறது. உண்மையில் விபத்துகளில் பல முதல் அடியால் நேர்வதில்லை. இந்த எதிரடியால் நேர்கின்றன. எண்ணெய்த் தணிப்புள்ள ஃபோர்க்கும் ஷாக் அப்ஸார்பரும் செய்கிற காரியம் வேறு. எண்ணெயைச் சின்னத் துவாரங்களின் வழியாக நெருக்கித் தள்ளி, வந்த அடியைச் சூடாக மாற்றிக் காற்றிலே விட்டுவிடுகின்றன. அடி அனுபவிக்கப்பட்டது, தீர்ந்தது, திரும்பி வருவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

பிராரத்தத்தை அனுபவித்துத்தான் தீர்க்கவேண்டும் என்று ஒப்புக்கொண்ட சித்தாந்த சாஸ்திரிகள், அதை அனுபவிக்கும்போது உண்டாகும் விருப்பு வெறுப்புகளாலேயே ஆகாமியம் ஏறுகிறது என்று சொன்னதன் தாற்பரியம், புத்தகத்தில் படித்தபோது விளங்கியதைவிட இந்த எண்ணெய்க் குழாயைப் பற்றி நினைத்தபோது தெளிவாக விளங்கியதாகச் சொன்னால், பெரியவர்கள் மன்னிக்கவேண்டும். தாங்குவது என்பதை நாம் எப்போதும் ஸ்பிரிங்கின் முறையிலேயே நினைத்துப் பழகியிருக்கிறோம். அவமானத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினவனை, பொறுமைசாலி என்று ஊரார் புகழ்கிறார்கள். அவனோ உள்ளே அமுங்கியிருந்ததையெல்லாம் பத்து வருஷம் கழித்துத் தன் மனைவிமேலோ மகன்மேலோ திருப்பிவிடுகிறான். அவன் தாங்கவுமில்லை, தீர்க்கவுமில்லை; சேமித்தான். கெட்டியாக இருப்பது வேறு, தணிப்பது வேறு என்பது சாந்த குணத்தைப் பற்றிப் பேசுகிற நம்முடைய உபந்நியாசகர்கள் அதிகம் கவனிக்காத பேதம்.

தணிப்புள்ள ஃபோர்க் விலை அதிகம். அதுவே பழைய வண்டியின் விலைக்குச் சமீபமாக வந்துவிடும். பணமில்லாதவன் என்ன செய்வான்? அவனுக்கு மண்வெட்டி இருக்கிறது. இந்தக் கலையில் மிகப் பெரிய சீர்திருத்தம் வண்டியில் செய்வதே அன்று, பூமியில் செய்வது. விழும் இடத்தைச் சமதரையாக விடாமல், வண்டி வந்து சேரும் வளைவுக்கு ஒட்டியாற்போல் சரிவாக மண்ணைக் குவித்து மிதித்து வைத்தால், கீழ்நோக்கி வருகிற வேகத்தில் பெரும்பகுதி அந்தச் சரிவின் போக்கிலேயே ஓடிப்போய்விடுகிறது. தரைக்குச் செங்குத்தாகத் தாக்கும் பாகம் மட்டுமே அடியாக மிஞ்சுகிறது. உயரம் அதுவே, எடை அதுவே, ஸ்பிரிங்கும் அதுவே. அடி மட்டும் பாதியிலும் கீழே போகும். ஆயிரம் டாலர் உபகரணம் தருகிற சுகத்தை ஒரு மாலைப்பொழுதின் வியர்வை தந்துவிடுகிறது.

அப்படியானால் சுதந்திரத்தின் இடங்கள் இரண்டு என்று முன்னே சொன்னது போதாது. விழப்போகும் உலகத்தை முன்கூட்டியே சரிசெய்வது என்று மூன்றாவதும் உண்டு. நம்முடைய சமய நூல்கள் ஜீவனைத் திருத்துவதில் காட்டிய சிரத்தையை அவன் விழுகின்ற தரையைத் திருத்துவதில் காட்டினவா என்று ஒருவர் கேட்டால், எனக்குச் சட்டென்று பதில் வராது. அன்னசாலையும் தண்ணீர்ப்பந்தலும் சாலையோர மரமும் வைத்தவர்கள் அந்த வேலையைத்தான் செய்தார்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆனால் அவற்றைப் புண்ணியத்தின் கணக்கில் எழுதினோமே தவிர, பிறருடைய ஊழில் நாம் தலையிடுவதன் கணக்கில் எழுதவில்லை. என் மேட்டின் இறக்கச் சரிவில் பக்கத்து வீட்டுப் பையன் பத்திரமாக இறங்குகிறான் என்றால், அவன் ஊழில் என் மண்வெட்டிக்கும் ஒரு பங்கு உண்டு. ஊழ் தனிச்சொத்து அன்று.

என்ஜினைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லவேண்டும். ஏனென்றால் ஆசை நீளமாகப் பேசும் இடம் அது. 39 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனையும் சிலிண்டரையும் எடுத்துவிட்டு 52 மில்லிமீட்டர் உள்ளவற்றைப் போட்டால், 41.4 மில்லிமீட்டர் ஓட்டத்தோடு பெருக்கிவர, 49 சி.சி. 88 சி.சி. ஆகிவிடுகிறது. அந்தச் சக்தியைத் தாங்க கிளட்சின் ஸ்பிரிங்குகளை மாற்றவேண்டும், மூச்சு போதாமல் கார்ப்பரேட்டரை மாற்றவேண்டும், பிறகு ஸைலன்ஸர், பிறகு பழைய பிரேக் இந்த வேகத்துக்குப் போதவில்லை என்று தெரியவரும். ஒரு திருத்தம் அடுத்ததைப் பெறுகிறது. காட்டு நிலங்களில் ஓட்டுவதானால் தீப்பொறி தடுக்கும் வலையைக் கழற்றக்கூடாது என்று அமெரிக்க நிர்வாகம் விதித்திருப்பது ஒன்றே இந்தச் சங்கிலியில் வெளியிலிருந்து போடப்பட்ட முடிச்சு. இத்தனைக்கும் எதிரே, முன்னால் இருக்கும் சின்னப் பல்சக்கரத்தில் 14 பற்களுக்குப் பதிலாக 13 உள்ளதை மாட்டினால், மிகச் சொற்ப விலையில், சக்கரத்தில் கிடைக்கும் உந்துவிசை ஏழரை சதவிகிதத்துக்குமேல் கூடிவிடுகிறது. உச்ச வேகம் ஏறத்தாழ அதே அளவு குறையும். வேகத்தைக் கொடுத்து வலிமையை வாங்கிக்கொள்ளும் நேர்மையான பண்டமாற்று இது, 88 சி.சி.யோ எதையும் கொடுக்காமல் எல்லாவற்றையும் பெறலாம் என்று வாக்களிக்கிறது.

வீலிங்குக்கு இந்தப் பல்சக்கரம் போதும். சக்கரங்களின் இடைவெளி சுமார் 91 சென்டிமீட்டர் மட்டுமே உள்ள வண்டியில் பெரியவன் சற்றே பின்தள்ளி உட்கார்ந்தால், பாரமெல்லாம் பின்சக்கரத்துக்கு மேலேயே வந்து நிற்கிறது. கைக் கிளட்ச் இல்லையே என்று கவலைப்பட வேண்டியதுமில்லை. கியர் நெம்புகோலைக் காலால் அமுக்கிப் பிடித்திருக்கும்வரை கிளட்ச் விட்டிருக்கும் ஆதலால், அப்படியே என்ஜினைச் சற்று முழங்கவிட்டு, காலைச் சட்டென்று எடுத்தால், முன்சக்கரம் எழும்புகிறது. எழுப்புவது எளிது. அதற்குப்பின் நடப்பதுதான் விசாரத்துக்கு உரியது.

தாவலில் உச்சியை விட்டதோடு வழி நிர்ணயமாகிவிட்டது என்றோமே, வீலிங்கில் எந்தக் கணமும் எதுவும் நிர்ணயமாவதில்லை. பின்சக்கரம் மண்ணைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது; தொடும்வரையில் கர்மம் நடந்துகொண்டே இருக்கிறது. பழகாதவன், தூக்கிய முன்சக்கரத்தை மேலேயே வைத்திருப்பதற்கு ஆக்ஸிலேட்டரை மேன்மேலும் திருகுகிறான். வேகம் ஏறிக்கொண்டே போகிறது; என்ஜின் தன் எல்லைக்கு வந்ததும் முன்சக்கரம் விழுந்துவிடுகிறது. அவன் பயத்தினால் சமநிலைப் புள்ளிக்குக் கீழேயே நின்று, பலத்தினால் அந்தக் குறையை நிரப்பப் பார்த்தான். பழகினவன் முன்சக்கரத்தை இன்னும் உயர்த்துகிறான். முதுகுப்பக்கம் கவிழ்ந்துவிடுவோம் என்று உடம்பு அலறுகிற அந்த இடத்துக்குப் போகிறான். அங்கே பாரத்தின் மையம் பின்சக்கரம் மண்ணைத் தொடும் இடத்துக்கு நேர்மேலே வந்துவிடுகிறது. அந்த ஸ்தானத்தில் முன்சக்கரத்தைத் தாங்க என்ஜினுக்கு வேலையே இல்லை. வலக்காலின் விரல்கள் பின் பிரேக்கின்மேல் இருக்கின்றன. பின்னே சாய்ந்தால் ஒரு துளி பிரேக், முன்னே சரிந்தால் ஒரு துளி திருகல். நடந்து போகிற வேகத்தில் எத்தனை தூரம் வேண்டுமானாலும் போகலாம்.

பிரேக்கில் நம்பிக்கை இல்லாதவன் அந்த இடத்துக்கு ஒருநாளும் போகமாட்டான். அதனால் வீலிங் கற்க விரும்புகிறவன் என்ஜினில் கை வைப்பதற்கு முன்னால், பின்சக்கரத்து டிரம்மைக் கழற்றிச் சுத்தம் செய்து, தேய்ந்த ஷூக்களை மாற்றி, மிதித்தவுடனே பிடிக்கும்படி கம்பியின் திருகை முடுக்கிவைப்பது உத்தமம். முழங்கால் இடிக்காமலிருக்க உயரமான ஹாண்டில்பார் ஒன்றும் வேண்டும். ஹெல்மெட்டும் பூட்ஸும் இந்தச் செலவுகளுக்கெல்லாம் முந்தியவை. அதைப் பற்றி வாதம் இல்லை. ஆபத்தின் விளிம்புக்குப் போவதற்கான தகுதியை, முன்னே செலுத்தும் கருவியன்றி நிறுத்தும் கருவியே தருகிறது என்பதை, யோக சாஸ்திரத்தில் யமத்தையும் நியமத்தையும் முதலில் வைத்து, பிராணாயாமத்தைப் பிறகு வைத்த பதஞ்சலி ஒப்புக்கொண்டிருப்பார்.

கிரேக்க நாட்டு ஸ்தோயிக்கர்களில் கிரிசிப்பஸ் என்பவர் ஊழையும் மனிதனுடைய பொறுப்பையும் ஒருங்கே காப்பாற்றுவதற்கு ஓர் உருளையை எடுத்துக் காட்டியதாக ரோமானிய அறிஞர் கிகரோ எழுதியிருக்கிறார். உருளையைத் தள்ளியவன் வேறொருவன். ஆனால் அது உருண்டது அதன் சொந்த உருவத்தினால். தள்ளுதல் ஊழ், உருளுதல் சுபாவம் என்பது அந்தச் சமாதானம். இதில் எனக்குத் திருப்தி ஏற்படாததற்குக் காரணம், உருளை தன் உருவத்தைத் தானே செதுக்கிக்கொள்ள முடியாது என்பதுதான். தொட்டில் சட்டத்தை மாட்டி, ஸ்பிரிங்கை மாற்றி, மண்ணைச் சரித்து வைக்கிற மனிதன், நாளைக்குத் தன்னை யாரோ தள்ளப்போகிறார்கள் என்று தெரிந்து இன்றைக்கே தன் உருவத்தைத் திருத்திக்கொள்ளும் உருளை. வசிஷ்டர் சொன்ன பழைய முயற்சி அந்தச் செதுக்கலே.

ஆயினும் வசிஷ்டரையும் முழுவதும் ஏற்றுக்கொண்டுவிட முடியாதபடி ஓர் ஆட்சேபம் நிற்கிறது. செதுக்குவதற்கு உளி வேண்டாமா? தணிப்புள்ள ஃபோர்க்கை வாங்கிவிடுகிறவனுக்கும், மண்வெட்டி பிடிக்கக்கூடச் சொந்தமாக நாலு அடி நிலம் இல்லாதவனுக்கும், முயற்சி செய்யும் வாய்ப்பே சமமாக இல்லை. அதையும் முற்பிறப்பின் முயற்சி என்று சொல்லிவிட்டால் தர்க்கம் பூர்த்தியாகிறது, மனச்சாட்சி பூர்த்தியாவதில்லை. வள்ளுவர் இரண்டு அதிகாரங்களையும் ஒன்றோடொன்று ஒட்டாமல், வேறு வேறு பாலில், வெகுதூரம் தள்ளி வைத்தது இந்தச் சங்கடத்தை உணர்ந்துதானோ என்று தோன்றுகிறது. தன் விஷயத்தில் ஆள்வினையையும் பிறன் விஷயத்தில் ஊழையும் நினைப்பவன் உத்தமன். அநேகமாக நாம் அதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த வண்டியின் ஆக்ஸிலேட்டர்க் கைப்பிடியை ஒட்டினாற்போல் ஒரு சின்னத் திருகு உண்டு. அதை உள்ளே முடுக்கினால் கைப்பிடி ஓர் அளவுக்குமேல் சுழலாது. குழந்தை எவ்வளவு முறுக்கினாலும் அதற்குமேல் வேகம் இல்லை; வண்டியின் சக்தியே அவ்வளவுதான் என்று அது நினைத்துக்கொள்கிறது. பழக்கம் ஏற ஏறத் தகப்பன் அந்தத் திருகைச் சிறிது சிறிதாகத் தளர்த்துகிறான். ஆன்மாவின் பக்குவம் அறிந்து இறைவன் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கையும் அளந்து கொடுக்கிறான் என்று சித்தாந்தம் சொல்லுவதற்கு இதைவிடக் கிட்டிய உதாரணம் கிடைப்பது கஷ்டம். ஆயினும் சாஸ்திரம் எழுப்பாத கேள்வி ஒன்றையும் இந்த உதாரணம் எழுப்பிவிடுகிறது. திருகு முடுக்கியிருந்தபோது குழந்தை விழுந்தால் அது குழந்தையின் விழுதலா, தகப்பனுடைய அளவின் விழுதலா? முழுவதும் தளர்த்திய பிறகு விழுந்தால், தளர்த்தியவனுக்கு அதில் ஒன்றுமே இல்லையா? ஸ்பிரிங்கையும் கால்கம்பியையும் பிரேக்கையும் பார்த்து முடித்துவிட்டுத் திருகில் கை வைத்த தகப்பனையும், பிள்ளை அழுததற்காக முதலிலேயே திருகைக் கழற்றி எறிந்துவிட்ட தகப்பனையும், ஊழ் என்ற ஒரே சொல்லால் விடுதலை செய்துவிட எனக்குச் சம்மதம் இல்லை.